மழைக் கிழமையும் எழுபது மணித்தியாலமும்

ஏப்ரல் முடியப் போகுது எண்டால் எங்கட ட்ரக்கிங் ஒபிஸ் போன் ஓயாது. மார்ச் 1இல இருந்து ஏப்ரல் 30 மட்டும் தெற்கு ஒன்ராறியோவில கன ரோட்டுகளில ஹாஃப் லோட், ஒரு அக்ஸிலுக்கு 5,000 கிலோவுக்கு மேல போகேலாது, ஏனெண்டா உறைஞ்சு கிடந்த நிலம் இளகி ரோட்டுக்குக் கீழ மண் சதசதவெண்டு இருக்கிற நேரம், பாரமான ட்ரக் போனா ரோட்டு வெடிச்சுப் போயிடும். அது முடிய மே மாசம் தார் பிளாண்ட் எல்லாம் முழுசா ஓடத் தொடங்கும், டிசம்பரில இருந்து வீட்டில குந்திக்கொண்டிருந்த அண்ணைமார் எல்லாரும் ஒரே கிழமையில போன் எடுத்துக் கேப்பினம், "தங்கச்சி, இந்த வரியம் எத்தினை மணித்தியாலம் குடுப்பியள்?" எத்தினை மணிக்குள்ள விடுவியள் எண்டு கேக்கிற ஆள் ஒண்டுமில்லை.

நான் ரொறொன்ரோவுக்கு வடமேற்கால ஒரு சின்ன ட்ரக்கிங் கொம்பனியில டிஸ்பாச்சும், அதாவது எந்த ட்ரக் எங்க போறதெண்டு அனுப்புறதும், டைம் கார்டும் பாக்கிறன். எல்லாம் ட்ரைஆக்ஸில் டம்ப் ட்ரக், கல்லு, மண், தார் ஏத்துறது. டிரைவர்மாரில அரைவாசிப்பேர் எங்கட ஆக்கள், மிச்சம் பஞ்சாபிக்காரர், போர்த்துக்கீசர், ரெண்டு இத்தாலியக் கிழவர். ஆருக்கும் இந்த மணித்தியாலச் சட்டம் தெரியாமலில்லை, ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு துண்டு தெரியும். ஒருத்தர் யூடியூப்பில அமெரிக்கன் டிரைவர் கதைக்கிறதைப் பாத்திட்டு வந்து 11 மணித்தியாலத்துக்கு மேல ஓடேலாது எண்டு சண்டை பிடிப்பார், இன்னொருத்தர் கொன்ஸ்ட்ரக்ஷன் ட்ரக்குக்கு 24 மணித்தியாலம் ரெஸ்ட் எடுத்தா கிழமை மணித்தியாலக் கணக்கு பூச்சியமாயிடும் எண்டுவார். ரெண்டும் உண்மை, எல்லைக்கு அங்கால. அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில கட்டுமானப் பொருள் ஏத்துற ட்ரக்குக்கு அப்பிடி ஒரு சலுகை இருக்கு, வேலைக்கு வாற இடத்தில இருந்து 75 எயார் மைலுக்குள்ள ஓடுறவைக்கு, மற்ற டிரைவர்மார் 34 மணித்தியாலம் நிக்க வேணும். இஞ்ச அது செல்லாது. இஞ்ச 36 தான்.

சரி, இஞ்ச என்ன எண்டு சொல்லிப்போட்டு மிச்சத்துக்குப் போவம். ஒன்ராறியோ ரெகுலேஷன் 555/06 எண்டு ஒண்டு இருக்கு, ஹைவே ட்ராஃபிக் அக்ட்டுக்குக் கீழ வாறது. ஒரு நாளில 13 மணித்தியாலம் ட்ரக் ஓட்டலாம், 14 மணித்தியாலம் டியூட்டியில நிக்கலாம், அதுக்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்கேலாது. நாளுக்கு 10 மணித்தியாலம் ஓய்வு, அதில 8 ஒரேயடியா, மற்ற ரெண்டை அரை மணித்தியாலத் துண்டுகளாகவும் எடுக்கலாம். விடிய வேலை தொடங்கினதில இருந்து 16 மணித்தியாலம் போயிட்டுது எண்டா இடையில எவ்வளவு ரெஸ்ட் எடுத்திருந்தாலும் அண்டைக்கு ஓட்டம் முடிஞ்சுது. கிழமைக்கு எண்டு பாத்தா சைக்கிள் ஒண்டு, 7 நாளில 70 மணித்தியாலம், 36 மணித்தியாலம் ஒரேயடியா நிண்டா திரும்பப் பூச்சியத்தில இருந்து தொடங்கலாம். சைக்கிள் ரெண்டு எண்டும் இருக்கு, 14 நாளில 120, எழுபதைத் தாண்ட முதல் 24 மணித்தியாலம் நிக்க வேணும், ரீசெட்டுக்கு 72. தார் வேலையில அநேகமா எல்லாரும் சைக்கிள் ஒண்டு தான்.

இதில கன பேர் கவனிக்காத விசயம் என்னெண்டா, அந்த 10 மணித்தியால ஓய்வைத் தவிர, இந்தச் சட்டம் வேலை செய்யாத எண்டு சொல்லேல்ல. ஓட்டாத எண்டு தான் சொல்லுது. கிழமையின்ட 70 மணித்தியாலம் முடிஞ்ச பிறகு ட்ரக்கை ஓரமா விட்டிட்டு ஷவலைக் கையில குடுத்து தார் இழு எண்டு ஃபோர்மன் சொன்னா இந்த ரெகுலேஷன் வாயைத் திறக்காது. இது ரோட்டில போற மற்றச் சனத்தைக் காப்பாத்துறதுக்கு எழுதின சட்டம், டிரைவரைக் காப்பாத்துறதுக்கில்லை, அது பிழை எண்டும் நான் சொல்லமாட்டன், 401 ஹைவேயில இருபது டன் தாரோட நித்திரை தூங்குற ஆளுக்குப் பக்கத்தில பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறது நாங்கள் தானே. ஆனா டிரைவரைக் காப்பாத்துற சட்டம் வேற எங்கயோ இருக்கு எண்டு நினைச்சு நீங்கள் தேடிப் போனீங்களெண்டா அங்க வேற கதை. அதுக்குப் பிறகு வாறன்.

முதல் சனிக்கிழமைப் பிரச்சினையைச் சொல்லுறன், இது தான் என்ட வேலையில ஒவ்வொரு ஜூலையிலயும் வாறது. திங்கள் தொடங்கி வெள்ளி மட்டும் நாளுக்கு 12 மணித்தியாலம், 60 ஆச்சு. சனி காலமை 6 மணிக்கு வந்த டிரைவருக்கு பத்தே மணித்தியாலம் தான் இருக்கு, பின்னேரம் 4 மணிக்கு ட்ரக் நிக்க வேணும், அதுவும் நிக்கிற இடத்தில இல்லை, யார்டுக்கு வந்து சேந்து நிக்க வேணும், யார்டுக்கு வாற ஓட்டமும் கணக்குத் தானே. அப்ப மூண்டரைக்கு சைட்டில இருந்து போன் வரும், பேவர், அதாவது தார் விரிக்கிற மெசின், நடு லேனில நிக்குது, இன்னும் மூண்டு லோட் இருந்தா ஜொயின்ட்டை முடிச்சுப் போடலாம் எண்டு. பேவருக்கு முன்னால ட்ரக் இல்லாமப் போனா மெசின் நிக்கும், மெசின் நிண்டா போட்ட தார் ஆறும், ஆறின இடத்தில பிறகு புதுசு ஒட்டாது, அந்த இடம் ரெண்டு வின்டரில பிளக்கும். 150 டிகிரியில பிளாண்டை விட்டு வாற சாமான், அது ஆருக்காகவும் பாத்துக்கொண்டிராது. ஃபோர்மனின்ட அவசரம் பொய்யில்லை, எனக்கும் அது விளங்கும். நான் கார்டைப் பாத்து, ஆருக்கு மணித்தியாலம் மிச்சமிருக்கு எண்டு தேடி, நேற்று லீவு எடுத்த ஆளை, கிழமை நடுவில பல்லு டொக்டரிட்டப் போன ஆளைப் பிடிச்சு அனுப்புவன். மற்றவையைக் கூப்பிட்டு நிப்பாட்டுங்கோ எண்டுவன். நிப்பாட்டச் சொன்னதுக்கு எனக்கு நன்றி சொன்ன ஆள் ஒருத்தரும் இல்லை, பேச்சுத் தான் விழும். "ரெண்டு மணித்தியாலக் காசு போச்சு தங்கச்சி."

சனி பின்னேரம் 4 மணிக்கு நிண்டு திங்கள் விடிய 5 மணிக்குத் தொடங்கினா 37 மணித்தியாலம், ரீசெட் சரி. மணித்தியாலம் மிச்சமிருக்கிற ஆளைச் சனி இரவு 7 மணி மட்டும் இழுத்தா திங்கள் 5 மணிக்கு 34 தான் வரும், ரீசெட் இல்லை, அப்ப போன செவ்வாயில இருந்து சேத்த அவ்வளவும் கழுத்தில தொங்கும், ரீசெட் வேணுமெண்டா திங்கள் 7 மணி மட்டும் அவரைக் கூப்பிடேலாது. பிளாண்டில முதல் லோட் அஞ்சரைக்கு. மூண்டு மணித்தியாலம் கூட வேலை வாங்கினதுக்கு திங்கள் காலமை முழு ஒழுங்கும் குழம்பும். இதை நான் எக்செலில சிவப்பு, பச்சை போட்டு வச்சுத்தான் பாக்கிறன், மூளைக்குள்ள வச்சிருந்து செய்யிற வேலை இல்லை.

இப்ப நீங்க கேக்கலாம், ஈஎல்டி எண்டு ட்ரக்கில பூட்டுற எலெக்ட்ரொனிக் லொக் பெட்டி இருக்குத் தானே, மெசினே எல்லாம் பதியுமே எண்டு. கனடாவில ஃபெடரல் கொம்பனிகளுக்கு 2021 ஜூன் 12இல சட்டம் வந்து 2023 ஜனவரி 1இல இருந்து தான் பிடிக்கத் தொடங்கினவை, லோங் ஹோல் ஓடுறவையின்ட ட்ரக்கில எல்லாம் அந்தப் பெட்டி இருக்கு. எங்கட டம்ப் ட்ரக்கில இல்லை. ஏனெண்டா யார்டில இருந்து 160 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள ஓடி அண்டைக்கே திரும்பி வாற டிரைவர் டெய்லி லொக் எழுதத் தேவையில்லை, லொக் தேவையில்லாட்டி ஈஎல்டியும் தேவையில்லை. கலிடன் பிட்டில கல்லேத்தி மார்க்கத்தில கொட்டுற ஆள், மில்ட்டனில ஏத்தி மிசிசாகாவில கொட்டுற ஆள், எல்லாரும் இந்த வட்டத்துக்குள்ள தான். கொம்பனி எத்தினை மணிக்குத் தொடங்கினவர், எத்தினை மணித்தியாலம் டியூட்டி எண்டு ஒரு பதிவு வச்சிருந்து ஆறு மாசம் பாதுகாத்தாச் சரி. பதிவெண்டது என்ன, டிரைவர் கையால எழுதித் தாற கார்ட்.

அந்தக் கார்டில நான் பாக்காத கலை இல்லை. 6 மணி எண்டு எழுதியிருக்கும், ஆனா அதோட பின் பண்ணி வந்த பிளாண்ட் டிக்கட்டில முதல் லோட் 5:20. தராசு மெசின் அடிச்ச நேரம் அது, அழிக்கேலாது. சர்க்கிள் செக் எண்டு காலமையில ட்ரக்கைச் சுத்திப் பாக்கிறது, டயர், பிரேக், லைட், அது டியூட்டி நேரம், அதை எழுதிறவை குறைவு. பிளாண்ட் லைனில நிக்கிறதை ரெஸ்ட் எண்டு எழுதிற ஆக்களும் இருக்கினம், எழுதச் சொல்லுற கொம்பனியும் இருக்கு. நான் முதல் வேலை செய்த ஒரு இடத்தில டிஸ்பாச்சருக்கே வாய்ச் சொல்லாத் தான் சொல்லியிருந்தவை, லைனில நிண்ட நேரத்தை லஞ்ச் எண்டு போடு எண்டு, எழுத்தில ஒண்டும் இருக்காது. லைனில நிக்கிற ஆள் ட்ரக்கை விட்டிட்டு எங்கயும் போகேலாது, முன்னுக்கு நிக்கிறவர் நகர இவரும் நகர வேணும், ரேடியோவில கூப்பிட்டாப் பதில் சொல்ல வேணும். அது எந்த ஊர் ரெஸ்ட்? ஓய்வெண்டா ட்ரக்குக்கும் வேலைக்கும் பொறுப்பில்லாம, விரும்பினபடி இருக்கேலும் எண்டா மட்டும் தான். ட்ரான்ஸ்போர்ட் மினிஸ்ட்ரி ஒபிசர் ரோட்டில மறிச்சா அவரும் முதல்ல கேக்கிறது டிக்கட்டுகளைத் தான், கார்டை இல்லை. பிடிபட்டா ஃபைன் டிரைவருக்கும் வரும், கொம்பனிக்கும் வரும், கொம்பனியின்ட சிவிஓஆரில, அதாவது ட்ரக் கொம்பனிக்கு அரசாங்கம் வைக்கிற பதிவில, ஏறும், சிவிஓஆர் கெட்டா இன்சூரன்ஸ் ஏறும், இன்சூரன்ஸ் ஏறின கொம்பனி அடுத்த வரியம் ரேட்டில விளையாடும். கடைசியில ஆற்ற பொக்கட் எண்டு தெரியும் தானே.

நித்திரைக் கதைக்கு வாறன். 401இல பகலில லேன் மூடினா அரைவாசி ரொறொன்ரோ நிண்டிடும், அதால தார் வேலை இரவில தான். இரவு லேனை மூடி, விடிய ட்ராஃபிக் தொடங்க முதல் திறந்து விட வேணும். சட்டப்படி ஒரு டிரைவர் பகல் வேலை முடிச்சு 8 மணித்தியாலம் நிண்டிட்டு அடுத்த நாள் கணக்குக்குள்ள இரவு வேலைக்குப் போகலாம், தாளில சரியா வரும். அந்த எட்டு மணித்தியாலம் எப்பிடிப் போகுது எண்டு பாருங்கோ. யார்ட் போல்டன் பக்கம், வீடு ஏஜக்ஸ். 407இல போனா டோல், அண்ணைமார் 407இல ஏறமாட்டினம், 401 தான், பின்னேரம் ஒண்டரை மணித்தியாலம் சும்மா போகும். வந்து தார் மணக்க மணக்கக் குளிச்சு, சாப்பிட்டு, பிள்ளையின்ட பள்ளிக்கூடக் கடிதத்தில கையெழுத்து வச்சு, படுக்கிறது எப்ப? திரும்பப் போக ஒரு மணித்தியாலம் முதல் எழும்ப வேணும். நாலு மணித்தியாலம் கண்ணை மூடினா அதிஷ்டம். இந்தக் கார் ஓட்டம் ஒண்டும் எந்தக் கணக்கிலயும் வராது, ஏனெண்டா அது அவற்ற சொந்த வாகனம், சொந்த நேரம்.

2018 ஜூலை 1இல இருந்து ஒன்ராறியோவில கொமர்ஷல் வாகனம் ஓட்டுற ஆளுக்கு அற்ககோல் பூச்சியம். ஒரு பியர் வாசம் கூட இருக்கக்கூடாது, நல்ல சட்டம். ஆனா 1997இல நேச்சர் சஞ்சிகையில வந்த ஒரு சின்ன ஆராய்ச்சி இருக்கு, ட்ரக் பாதுகாப்பு ட்ரெயினிங்கில எல்லாம் இதைக் காட்டுவினம், ஒரேயடியா 17 மணித்தியாலம் முழிச்சிருந்த ஆளின்ட கைகண் வேகம் ரத்தத்தில 0.05 அற்ககோல் இருக்கிற ஆளின்ட அளவுக்கு வந்திடுது எண்டு. விடிய 3:45க்கு எழும்பின ஆள், 5 மணிக்குத் தொடங்கி, சட்டம் விட்ட 16 மணித்தியாலத்தில இரவு 9 மணிக்கு ட்ரக்கை நிப்பாட்டுறார். நிப்பாட்ட முதலே 17 தாண்டியாச்சு. அதுக்குப் பிறகு கார் எடுத்து ஏஜக்ஸ் போக வேணும். ஒரு சொட்டுக் குடிச்சாக் குற்றம், குடிச்ச ஆளைப்போல ஓடுறது சட்டத்துக்குள்ள. ஒவ்வொரு நாளும் இப்பிடி நடக்குது எண்டு நான் சொல்லேல்ல, அநேகமான நாள் பன்னிரண்டு, பதின்மூண்டோட முடியும், ஆனா ஓகஸ்ட் கடைசியில, நொவம்பர் தொடக்கத்தில, குளிர் வர முதல் மேல் தார் போட்டு முடிக்க வேணும் எண்டு எல்லாக் கொம்பனியும் ஒரே நேரத்தில ஓடேக்க தாளில எழுதின உச்சம் தான் சாதாரண நாளாயிடும்.

ஏன் அப்பிடி ஓடுகினம், ஆரும் துவக்கு வச்சா ஓட்டுறது? இல்லை. டிரைவர் தானாத்தான் கேக்கிறார். இங்க தான் மற்றச் சட்டம் வருது, சம்பளச் சட்டம்.

ஒன்ராறியோவில சாதாரண ஆளுக்கு கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல ஒண்டரை மடங்கு. இதைப் பள்ளிக்கூடத்தில படிக்கிற பிள்ளையும் சொல்லும். ட்ரக் டிரைவருக்கு அது இல்லை. 285/01 எண்டு இன்னொரு ரெகுலேஷன், அதில ஆற்ற கணக்கு என்ன எண்டு பிரிச்சுப் போட்டிருக்கு. வாடகைக்குச் சாமான் ஏத்துற கொம்பனியில, ஒரு முனிசிப்பலிட்டிக்குள்ளயும் அதுக்கு 5 கிலோமீட்டர் வெளியிலயும் மட்டும் ஓடுற ஆளுக்கு 50க்கு மேல தான் ஓவர்டைம். அதைத் தாண்டி ஓடுறவருக்கு 60க்கு மேல. ரோட்டுப் போடுற சைட்டிலயே வேலை செய்யிற ஆக்களுக்கு, ஸ்ட்ரீட், ஹைவே, பார்க்கிங் லொட் எண்டா 55, பாலம், சுரங்கம் எண்டா 50. ஒரே பிளாண்டில ஒரே லைனில முன்னும் பின்னும் நிக்கிற மூண்டு ட்ரக்கில மூண்டு டிரைவருக்கும் ஓவர்டைம் வேற வேற இடத்தில தொடங்கலாம். கொம்பனி அமெரிக்காவுக்கோ கியூபெக்குக்கோ ஓடுறதெண்டா ஃபெடரல் சட்டம், அது இன்னொரு கணக்கு. யூனியன் இருந்தா அவையின்ட கொன்ட்ராக்டில இதை விட நல்லா இருக்கலாம், எங்கட இடத்தில யூனியன் இல்லை.

அந்த 55இல ஒரு சூட்சுமம் இருக்கு, அதைத் தான் நான் தலைப்பில மழைக் கிழமை எண்டு போட்டது. ஒரு கிழமை 55க்குக் குறைவா வேலை செய்தா, குறைஞ்ச மணித்தியாலத்தை, கூடினது 22 மணித்தியாலம், அடுத்த கிழமைக் கணக்கோட கூட்டலாம். மழை பெய்தாத் தார் போடேலாது. மூண்டு நாள் மழை, அண்ணைக்கு அந்தக் கிழமை 38 மணித்தியாலம் தான். 55இல 38 போனா 17. அடுத்த கிழமை வெய்யில், ஃபோர்மனுக்குப் பிந்தின வேலையை எல்லாம் பிடிக்க வேணும், அண்ணை 70 மணித்தியாலம் ஓடுறார், சட்டத்தின்ட உச்சம். அந்தக் கிழமை ஓவர்டைம் எங்க தொடங்கும்? 55உம் 17உம் 72இல. ஓடுற சட்டம் 70இல நிப்பாட்டும், காசுச் சட்டம் 72இல தான் தொடங்கும். ஒரு சதம் ஓவர்டைம் இல்லை.

இதைக் கார்டில முதல் தரம் போட்டுப் பாத்தவை எல்லாரும் நான் தான் பிழை விட்டிட்டன் எண்டு ஒபிசுக்கு வருவினம். ஒரு அண்ணை, இருபது வரியத்துக்கு மேல டீசெட் எண்ட பார ட்ரக் லைசன்ஸோட ஓடுற மனிசன், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன்ட கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு நாளா விரல் வச்சுக் கூட்டினார். கொப்பி பிள்ளையின்ட பழைய கணக்குக் கொப்பி, முன் பக்கத்தில வாய்ப்பாடு, பின் பக்கத்தில தொடங்கி இவற்ற மணித்தியாலம், மழை எண்டா ஒரு சின்ன குடை கீறியிருப்பார். கூட்டி முடிச்சு எழுபது சரி எண்டார். பிறகு நான் ரெகுலேஷனை ஸ்க்ரீனில காட்டினன். வாசிச்சார், திரும்பவும் வாசிச்சார். "அப்ப மழைக்கு என்ட காசைத் தான் பிடிக்கினம் என்ன" எண்டார். வேற ஒண்டும் சொல்லேல்ல, எழும்பிப் போயிட்டார், அடுத்த நாள் 4:40க்கு யார்டில நிண்டார்.

எனக்கு இதை விட நல்லாச் சொல்லத் தெரியாது. பேவிங் கொம்பனிக்கு மழை நட்டம், உண்மை, ஆனா அந்த நட்டத்தை அடுத்த கிழமை டிரைவரின்ட களைப்பில இருந்து எடுக்கலாம் எண்டு எழுதி வச்சிருக்கு. ஓவர்டைம் எண்டது வேலைக்காரனுக்குக் குடுக்கிற பரிசு மட்டுமில்லை, கூட வேலை வாங்கினாக் கூடக் காசு போகும் எண்டு முதலாளிக்கு வைக்கிற பிரேக்கும் தானே. அந்தப் பிரேக்கைக் கழட்டிப்போட்டு 70 மணித்தியாலம் எண்ட சுவரில மட்டும் முட்ட விட்டா எல்லாரும் சுவர் மட்டும் ஓடுவினம். களைப்பைக் குறைக்க வேணும் எண்டு உண்மையா நினைச்சா 14ஐ 12 ஆக்கத் தேவையில்லை, இந்த 22 மணித்தியாலக் கூட்டலை எடுத்துப் போட்டாலே ஃபோர்மன் ரெண்டாவது ட்ரக்கைக் கூப்பிடுவான்.

விடிய வந்து மழையால திரும்பிப் போறதுக்கும் ஒரு சட்டம் இருக்கு, மூண்டு மணித்தியால விதி, கூப்பிட்டு வந்த ஆளுக்கு மூண்டு மணித்தியாலத்துக்குக் குறைய வேலை குடுத்தா மூண்டு மணித்தியாலக் காசு குடுக்க வேணும். ஆனா நெருப்பு, மின்னல், கரண்ட் போறது, புயல் மாதிரி முதலாளியின்ட கையில இல்லாத காரணமெண்டா குடுக்கத் தேவையில்லை எண்டும் இருக்கு. சாதாரண மழை புயலா எண்டு கேட்டா கொம்பனிக்குக் கொம்பனி வானம் வேற வேற நிறம். எங்கட இடத்தில குடுக்கிறம், அது முதலாளியின்ட நல்ல மனம், நான் சண்டை பிடிச்சு வாங்கினதில்லை.

இனி வின்டர். டிசம்பரில பிளாண்ட் மூட லேஓஃப், ரெக்கோர்ட் ஒஃப் எம்ப்ளொய்மெண்ட்டை நான் தான் அனுப்புறது. ஈஐ எண்ட வேலையில்லாக் காலக் காசு எடுக்க இடத்தைப் பொறுத்து 420இல இருந்து 700 மணித்தியாலம் வேணும், அது கோடையில ஓடுற ஆளுக்குச் சேர்ந்திடும், பிரச்சினை அதில்லை, கிடைக்கிறது சம்பளத்தின்ட 55 வீதம், அதுக்கும் ஒரு மேல் எல்லை. ஏஜக்ஸில மோர்ட்கேஜ் 55 வீதம் ஆகுமோ? அதால தான் மே மாசமே "எத்தினை மணித்தியாலம் குடுப்பியள்" எண்டு கேக்கினம். சட்டம் நாளையும் கிழமையையும் அளக்குது, இவை அளக்கிறது வரியத்தை. சில பேர் வின்டரில அதே ட்ரக்கில பிளவ் பூட்டி ஸ்னோ தள்ளப் போவினம், அங்க இரவு ரெண்டு மணிக்கு போன் வரும், மேசையில வச்ச தேத்தண்ணி ஆறும், ஆனா அதுவும் எல்லாருக்கும் கிடைக்கிற வேலையில்லை, ஸ்னோ கொட்டாத வரியமும் வரும்.

சொந்த ட்ரக் வச்சு ஓடுற புரோக்கர்மாருக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு ரேட், அதுக்குள்ள டீசல், இன்சூரன்ஸ், டயர், ட்ரக் பேமெண்ட். ஓவர்டைம் இல்லை, லேஓஃப் எண்டா ஈஐ இல்லை, ஆனா 555/06 மட்டும் ஒரு சொல்லுக் குறையாமப் பொருந்தும். இதில மோசம் என்னெண்டா சொந்த ட்ரக்கே இல்லாத, கொம்பனி ட்ரக்கை ஓட்டுற பெடியனை, உன்ட பேரில ஒரு கோப்பரேஷன் திற, செக்கை முழுசாத் தாறம் எண்டு சொல்லி எடுக்கிறது. இஞ்ச எல்லாரும் டிரைவர் இங்க் எண்டு சொல்லுறது இதைத் தான். முதல் செக்கைப் பாத்துப் பெடியன் சந்தோசப்படுவான், டக்ஸ், பென்ஷனுக்குப் போற சிபிபி ஒண்டும் வெட்டேல்ல தானே. சட்டத்தின்ட கண்ணில அவன் அநேகமா வேலைக்காரன் தான், ஆனா அதை நிரூபிக்கிறதுக்கு அவன் தான் அலைய வேணும், லேஓஃப் வந்து ஈஐக்குப் போய் நிக்கேக்க தான் ஒருத்தரும் தன்னை வேலைக்காரன் எண்டு பதியேல்ல எண்டு தெரிய வரும். புதுசா வந்த பிள்ளையள், ஸ்டூடண்ட்டா வந்து வேக் பெர்மிட் எடுத்த பிள்ளையள், தயவு செய்து சைன் வைக்க முதல் ஆரிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ.

கடைசியா, கார்டை கொம்பனிக்கு மட்டும் எழுதாதேங்கோ, உங்களுக்கெண்டு ஒண்டு வச்சிருங்கோ, அந்த அண்ணையைப் போல. யார்டுக்கு வந்த நேரம், சர்க்கிள் செக் தொடங்கின நேரம், ஒவ்வொரு டிக்கட் நேரமும், பிளாண்ட் லைனிலயும் பேவருக்கு முன்னாலயும் நிண்ட நேரம் தனியா, யார்டில ட்ரக்கை நிப்பாட்டின நேரம். டிக்கட்டை போனில படம் எடுத்து வையுங்கோ, அந்தத் தாள் ரெண்டு மாசத்தில வெளிறிப் போயிடும், எழுத்தே தெரியாது. மினிஸ்ட்ரி ஒஃப் லேபருக்கு முறைப்பாடு போடுறதெண்டா சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளில இருந்து ரெண்டு வரியத்துக்குள்ள போட வேணும், அப்ப உங்களிட்ட இருக்கப் போறது அந்தக் கொப்பியும் படமும் தான். எழுபதைக் கூட்டிச் சொல்லுற, ரீசெட் வந்ததோ இல்லையோ எண்டு நிறம் காட்டுற எக்செல் ஷீட் ஒண்டு நான் செய்து வச்சிருக்கிறன், போனிலயும் திறக்கும், 55 கணக்கில மழைக் கிழமையைப் போட்டுப் பாக்கிற இடமும் அதில இருக்கு, வேணுமெண்டவை கேளுங்கோ அனுப்பிறன், ஜூன் தொடங்கினா எனக்கு நேரம் இராது, இந்தக் கிழமைக்குள்ள கேளுங்கோ.